குப்பண்ணனின் கட்டைவிரல்

பெற்ற அப்பனுக்கு விலை போட முடியுமா?

கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கத்தில் முடியும்!

குப்பண்ணனின் வலது கட்டைவிரல் மட்டும் மாதம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் பெறும். மிச்ச உடம்பு இலவச இணைப்பு.

அந்த இலவச இணைப்பைத்தான் காலையிலிருந்து காணவில்லை!

"அய்யோ... மாமனைக் காணமே!"

மருமகள் போட்ட அலறலில் தோப்பில் மேய்ந்த கோழிகள் வரப்பைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கே ஓடின.

அதே நேரம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் ஜீவிதா. அரசாங்க மதிப்பீட்டு அதிகாரி.

அறுபது வயது கடந்தவர்களுக்கு மருந்து பாதி விலை. மருந்துக்கடைக்கு நேரில் வந்து மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். ஆளுக்கு மாதத்துக்கு ஒரு லிமிட். இந்தத் திட்டத்தைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

தாலுகாவிலேயே அதிக மருந்து வாங்கியவர் குப்பண்ணன். வயது எண்பத்தொன்று. கம்ப்யூட்டர் கணக்குப்படி சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, வாதம், இன்னும் என்னென்னவோ! இத்தனையோடு ஒரு மனிதர் எப்படி நடமாடுகிறார் என்று பார்க்கத்தான் அவள் வந்தாள்.

வந்து பார்த்தால் ஆளே நடையைக் கட்டிவிட்டாராம்!

"நீங்க யாரு?" என்றாள் ஜீவிதா.

"அவரு மகனுங்க. அருள்குமார். தேங்காய் யாவாரமுங்க."

பேரம் பேசாமல் அருள்குமாருக்குக் கொட்டாவிகூட வராது.

"உங்கப்பா போன மாசம் கர்ப்பிணிகளுக்கான மாத்திரை வாங்கியிருக்காரே?"

அருள்குமார் கூரையைப் பார்த்தான். "வயசானா ரத்தம் கொறையுமுங்களே, மேடம்..."

"பூச்சி மருந்து? ஒரே நாள்ல அறுபது மாத்திரை?"

"அது எருமைக்குங்க!" என்றாள் மருமகள், அழுகைக்கு நடுவே.

அருள்குமார் மனைவியை முறைத்த அந்த நொடியில்...

அருள்குமாரின் போன் அலறியது! புது நம்பர்.

ஜீவிதா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"உங்கய்யனைக் கடத்தீட்டமுங்க."

துணி பொத்திய குரல். கரகரத்த குரல். ஆனாலும் மரியாதையான குரல்!

"உசுரோட வேணும்னா தைராய்டு மாத்திரை மூணு டப்பா, ஆஸ்துமா பம்பு ரெண்டு, நெஞ்சுவலி மாத்திரை ஒரு அட்டை. எடுத்து வெய்யுங்க. எங்க வரோணும்னு அப்பறம் சொல்றமுங்க."

"மூணு டப்பாவா!" அருள்குமார் துள்ளினான். "அநியாயமா இருக்குதுங்களே! எண்பத்தோரு வருசத்துச் சரக்குங்க அது! ஒரு டப்பா வெச்சுக்குங்க."

மறுமுனையில் இருமல். "ரெண்டு."

"ஒண்ணரை. பம்பு ஒண்ணு. நெஞ்சுவலி மாத்திரை கெடையாதுங்க."

"அதை மட்டும் கொறைக்காதீங்க..."

"அதுதானுங்க மொதல்ல அடிபடும்! அதை நாங்க வாங்கறதே இல்லீங்க."

மறுமுனையில் போனை வைக்கும் சத்தம்.

டொக்!

"போலீஸைக் கூப்பிடுங்க!" என்றாள் ஜீவிதா.

"வேண்டாமுங்க மேடம்! ஏட்டய்யா ஊடுதான் நமக்கு அஞ்சாவது வாடகை..."

"வாடகையா?"

வாய் தவறிவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

"ஏழு ஊட்டுக்கு அய்யனை விட்டிருக்கமுங்க. டாக்டர் சீட்டெல்லாம் அவரு பேர்லயே எழுதி வாங்கிருவோம். அவரு விரலு வெப்பாரு. ஊட்டுக்கு மாசம் எண்ணூறு. ஊருக்கு ஒரு ஒத்தாசைங்க."

"நெஞ்சுவலி யாருக்கு?"

மருமகள் தலையைக் குனிந்தாள். "மாமனுக்குத்தானுங்க. படியேறினா நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துருவாரு."

ஜீவிதா அலமாரியைத் திறந்தாள். ஏழு வீட்டுப் பைகள். எருமைக்குக்கூட ஒரு பை. நெஞ்சுவலிக்கு...

ஒன்றுமில்லை!

"லிமிட் பத்தறதில்லீங்க, மேடம். வாடகை வாங்கிட்டு வாக்கு மாற முடியுங்களா? அய்யனுக்கு அடுத்த மாசம்னு சொல்லி..."

"எத்தனை அடுத்த மாசம்?"

அருள்குமார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

ஜீவிதா அலமாரியை அறைந்து மூடினாள். மாத்திரை இல்லாத நெஞ்சு... கடத்தப்பட்ட கிழவர்... வெயில் வேறு கொளுத்துகிறது. இப்போது வலி வந்தால்?

"தைராய்டும் ஆஸ்துமாவும் சேர்ந்தாப்புல இருக்கற வீடு எது? சீக்கிரம் சொல்லுங்க!"

"மோகனசுந்தரம்!" அருள்குமார் தொடையைத் தட்டினான். "சம்சாரத்துக்குத் தைராய்டு, புள்ளைக்கு ஆஸ்துமா. அவங்கம்மா சுப்பாத்தாள் விரலை வெச்சு மருந்து வாங்கி வண்டி ஓட்டிட்டிருந்தான். போன மாசம் அவங்க தவறிட்டாங்க. எழவு ஊட்லயே என்னை ஓரமாக் கூப்புட்டு, 'உங்கய்யன்ல ஒரு பங்கு குடுங்க'ன்னான். ஆயிரத்து ஐநூறு சொன்னேன். மொறைச்சுட்டுப் போயிட்டான்."

"எழவு வீட்டுலயா பேரம் பேசுனீங்க?"

"அவந்தானுங்க ஆரம்பிச்சான்!"

ஜீப் சீறியது.

வழியில் மருந்துக்கடை முன்னால் ஒரே ஒரு நிறுத்தம். மருமகள் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, முழு விலை கொடுத்து, ஓர் அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டாள் ஜீவிதா.

மோகனசுந்தரத்தின் வீட்டு வாசல் கேரளாவில். சமையலறை தமிழ்நாட்டில்.

அருள்குமார் கதவை உதைத்தான். தாழ் போடாத கதவு. உதைத்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தான்!

"அய்யா!"

கட்டில் மேல் குப்பண்ணன். கட்டு இல்லை. காயம் இல்லை. ஒரு கையில் இட்லி. மறு கையில் போன்.

போனைச் சுற்றி... ஈரிழைத் துண்டு!

பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தோடு நின்ற மோகனசுந்தரம் முந்திக்கொண்டான். "நான் கடத்தலீங்க மேடம்! அவரே ஆட்டோ புடிச்சு வந்துட்டாருங்க!"

"போன்ல பேசுனது?" என்றாள் ஜீவிதா.

"நாந்தான் அம்மிணி." குப்பண்ணன் இட்லியைக் கீழே வைத்தார். "ஏழு ஊட்டுச் சீக்கும் என்ற பேர்ல இருக்குது. என்ற சீக்கு மட்டும் இல்லை. 'எங்கூட்டுக்கு வாங்க பெரியப்பா, உங்க மாத்திரைதான் மொதல்ல'ன்னு இவன் சொன்னான். சரின்னு வந்துட்டன். இங்கயே தங்கறதுக்கு முன்னால பெத்த மகன் என்னை என்ன வெலைக்கு எடுப்பான்னு பாத்தரலாம்னு..."

மகன் பக்கம் திரும்பினார்.

"மூணை ஒண்ணரைக்கு எறக்கீட்டயேடா! தேங்காயைக்கூட நீ இப்படிப் பாதிக்கு எறக்குனதில்லையேடா!"

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"ரெண்டுக்கு ஒத்துட்டிருப்பனுங்க, அய்யா."

ஜீவிதா அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையைக் கிழவரின் உள்ளங்கையில் வைத்தாள். விலையுயர்ந்த அந்தக் கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

முழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதப் போறீங்களா, அம்மிணி?"

"எழுதட்டுமா?"

"வேண்டாமுங்க!" குப்பண்ணன் பதறினார். "அது இல்லீன்னா என்னை யாரு கடத்துவாங்க?"

அன்று மாலை மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிக் கட்டத்தை ஜீவிதா நிரப்பினாள்.

பயன் பெற்றோர்: ஏழு குடும்பங்கள், ஓர் எருமை.

பாக்கி: ஒரு முதியவர்!