பச்சை பல்பு

மாமியாருக்குக் கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம், கோவில்பதாகை வீட்டின் பின்னறையிலிருந்து வடிவு தன் சீர்க்கட்டிலை முன்னறைக்கு இழுத்து வந்தாள். அம்பத்தூர் தாய்வீட்டில் ஆசையாகச் செய்து கொடுத்த தேக்குக் கட்டில். கல்யாணமான சூட்டோடு, அம்மாவுக்கு முட்டிவலி என்று அவள் புருஷன் எத்திராஜ் அதைத் தூக்கித் தாய் கன்னியம்மாளுக்குக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு வடிவுக்கு இன்னும் ஆறவில்லை.

"செத்தவங்க படுத்த கட்டிலு. யாருக்காச்சும் தானமா குட்த்துடு," என்றாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம்.

"என் சீருக்கா இது. இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

எத்திராஜ் ஆவடி பாக்டரியில் எலக்ட்ரீஷியன். அம்மா ஒருதரம் தலைசுற்றி விழுந்தபின், கட்டில் காலுக்கடியில், பாரம் ஏறினால் அமுங்குகிற ஒரு சுவிட்ச் வைத்து, முன்னறைச் சுவர்வரை ஒயர் இழுத்தான். அம்மா படுத்திருந்தால் சுவரில் பச்சை பல்பு எரியும். எழுந்தால் பல்பு அணைந்து மணி அடிக்கும். வேலை விட்டு வந்ததும் அவன் கண் முதலில் போவது பல்புக்கு, அப்புறம்தான் பெண்டாட்டிக்கு. மணி அடித்தால் பாதிச் சோற்றில் ஓடுவான். பூ வைத்துக் காத்திருப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருசக் கல்யாண நாளன்று ஒருவேளையாவது தன்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று, மாமியார் அசந்த நேரம் பார்த்து, சுவிட்சை அமுக்கி ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டாள். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. எத்திராஜ் நிம்மதியாக மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பின்னறைத் தரையில் கன்னியம்மாள் விழுந்து கிடந்தாள்.

அந்தத் துண்டை உருவி அடுப்பில் போட்டதை வடிவு யாரிடமும் சொல்லவில்லை. ஒயரை எத்திராஜே அறுத்துவிட்டான். பல்பை மட்டும் கழற்ற விடவில்லை.

வடிவு கட்டிலில் நீட்டிப் படுத்தாள். என் கட்டில், என் புருஷன். இனிப் பங்குக்கு ஆளில்லை.

தலையணையிலிருந்து, மாமியார் முட்டிக்குத் தேய்க்கும் தைல வாசனை வந்தது. அது புதுத் தலையணை.

சுவரில் பல்பு எரிந்தது.

அறுந்த ஒயர் அதன் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வடிவு துள்ளி எழுந்தாள்.

எழுந்தால் அணைய வேண்டும்.

அணையவில்லை.

யாரோ புரண்டு படுத்ததுபோல் கட்டில் கிறீச்சிட்டது. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

வாசலில் சைக்கிள் நின்றது. எத்திராஜ் உள்ளே வந்ததும் பல்பைப் பார்த்தான். இத்தனை நாள் செத்துக் கிடந்த முகம் மலர்ந்தது. வடிவைத் தாண்டிப் போய், பள்ளத்தை விட்டு ஓரமாக உட்கார்ந்தான்.

"இன்னாம்மா, சாப்ட்டியா?"

"யார்கிட்டய்யா பேசற?" என்றாள் வடிவு.

அவன் குனிந்து காது கொடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"கட்டிலு காலாண்ட ஏதோ கட்ட செருகிகீதாம். உன்னியதான் எடுக்கச் சொல்லுது அம்மா."

வடிவு மண்டியிட்டுப் பார்த்தாள். பாதி கரிந்த மரத்துண்டு அங்கே இருந்தது, தொட்டால் இன்னும் சூடாக.

பிடித்து இழுத்தாள். வரவில்லை.

மேலே கட்டில் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.