உடுப்பில்லாமல் நின்றவன்

வெளிக்காற்றை ஒரு மூச்சு இழுத்தால் அதன் விலை, நாலு பேர் நாற்பது நாள் பட்ட பாடு மொத்தமும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியவருக்கு மட்டுமல்ல, குழுவுக்கே எல்லாம் ரத்து. சேகரித்த மாதிரிகளும் குப்பைக்கு. ஹுயெல்வா மீன்சந்தையில் இறால் விற்கிறவர்களின் மகள் எலாலியா பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

ரியோ டின்டோ ஆற்றங்கரையில், கைவிட்ட சுரங்கத்துக்குக் கீழே நின்றது, செவ்வாய்க் கிரகத்தில் வாழ்வதற்கு ஒத்திகை பார்க்கும் அந்தச் செவ்வாய் வீடு. ஆற்று நீர் திராட்சை மதுவின் சிவப்பு, கல்லெல்லாம் துரு. செவ்வாய்க்கு இதைவிட மலிவான நகல் ஐரோப்பாவில் கிடைக்காது. உள்ளே தலைவர் ஃபெர்மின், மருத்துவர் இட்சியார், இயந்திரம் பார்க்கும் செமா, நுண்ணுயிர் ஆராயும் எலாலியா.

வீட்டின் முதல் சட்டம் எளிது. செவ்வாயில் மனிதர் இல்லை. ஆகவே உடுப்பில்லாமல் வெளியே யார் நின்றாலும் பார்க்கக் கூடாது, பார்த்ததாகச் சொல்லவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மலையேற வருகிறவர்கள் ஜன்னலில் மூக்கை அழுத்திக் கையசைப்பார்கள். இவர்கள் பருப்புச் சாற்றை ஊதிக் குடிப்பார்கள். ஒரு வெள்ளாடு மின்கம்பியைக் கடித்துத் துண்டாக்கியபோது, ஃபெர்மின் அதைப் புழுதிப்புயல் என்று பதிந்தார்.

அந்த ஜனவரிக் காலையில் எலாலியா உடுப்பு மாட்டி மாதிரி எடுக்கப் போனபோது, அவளுடைய பாறைமேல் ஒருவன் நின்றான்.

ஜன்னலுக்கு எதிரே ஆற்றோரம் இருந்த அந்தப் பாறையின் தோலுக்கு அடியில், நகக்கண் அகலத்துக்கு, அமிலத்தைத் தின்று வாழும் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒத்திகைக்கு முன்பிருந்தே, இரண்டு வருடமாக அவள் அதைத்தான் சுரண்டி வளர்த்து எண்ணி வந்தாள். கடைசிச் சுரண்டலும் அதே இடத்தில் எடுத்தால்தான் முந்தியவற்றுக்கு மதிப்பு. அவன் வெறுங்காலோடு, ஒற்றைச் சட்டையோடு, உறைபனிமேல் நின்றான். வாய் திறந்திருந்தது. அவளுடைய மூச்சே கவசத்தின் கண்ணாடியை மூடிக்கொண்டிருந்த அந்தக் குளிரில், அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

சட்டப்படி அவன் இல்லை. அவள் திரும்பி வந்தாள்.

"என்னடி, வெறுங்கையா வர்றே?" என்றான் செமா. "செவ்வாய்ல கடையடைப்பா?"

"பாறை வழுக்குது."

"மழையில்லாத கிரகத்துல வழுக்கின மொத ஆளு நீதான்."

இட்சியார் நால்வருக்கும் கழுத்தில் களிம்பு தடவினாள். தலைக்கவசத்தின் வளையம் உரசி உரசி, எல்லோர் கழுத்திலும் சிவப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது.

"ஆத்தோரம் எதாவது பாத்தியா?" என்று அவளிடம் மெல்லக் கேட்டாள் எலாலியா.

இட்சியாரின் விரல் ஒரு கணம் நின்றது. "என்னத்தப் பாக்கணும்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஒண்ணும் பாக்கல."

தராசுக்கு மறுபக்கம் நிற்கிற முகத்தை வைத்தே மடியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுகிற குடும்பம் எலாலியாவுடையது. ஆனால் இந்த மூன்று முகங்களை அவளால் படிக்க முடியவில்லை. பார்த்துவிட்டு மறைப்பவருக்கும், பார்க்கவே முடியாதவருக்கும் அந்தச் சட்டம் ஒரே முகத்தை மாட்டிவிட்டிருந்தது.

அதன் பிறகு அவன் இருட்டினால் நெருங்கினான். படுக்கைக்கு அப்பால், முரசுத்தோல் போன்ற மெல்லிய சுவரின் வெளிப்புறத்தில், ஒரு உள்ளங்கை மெதுவாக, ஆட்டின் முதுகைத் தடவுவதுபோல, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை உரசிக்கொண்டு போய், அங்கே சற்று நின்று, மறுபடி தலைமாட்டுக்கு வந்தது. கூடவே ஆற்றின் நாற்றம், பழைய ஆணியை நாக்கில் வைத்தாற்போல.

"காத்து," என்றான் செமா இருட்டில், யாரும் கேட்காமலே.

வெளியே ஒரு புல்லும் அசையவில்லை.

கடைசிக் களநாள் அந்தியில் அவள் உடுப்பை மாட்டினாள். ஜன்னலிலிருந்து இட்சியார் கண்காணிப்பதாக ஏற்பாடு. காற்றறையில், அழுத்தம் சமமாவதாகப் பாவனை செய்யும் அந்தச் சிறு கூண்டில், காத்திருந்தபோது அவளுக்குப் பயத்தைவிடக் கோபமே அதிகமாக இருந்தது. தன் பாறை. தன் பச்சைக் கோடு. இல்லாத ஒருவனுக்கு அதை எழுதிக் கொடுக்க அவள் தயாராயில்லை.

அவன் அங்கேதான் நின்றான். அவள் மண்டியிட்டாள். சுரண்ட வேண்டிய இடத்தின்மேல் அவன் பாதம். நகங்கள் ஆற்றின் நிறம்.

"நகரு," என்றாள் கவசத்துக்குள்.

நகரவில்லை. அவள் நிமிர்ந்தாள். முதல்முறையாக அவன் கழுத்தைப் பார்த்தாள்.

சிவப்புப் பட்டை. பழையது. வளையத்தின் அதே அகலம்.

கிராமத்தான் அல்ல. மலையேற வந்தவனும் அல்ல. இந்த வீட்டுக்காரன். முந்தி எப்போதோ இதே பருப்புச் சாற்றை ஊதிக் குடித்தவன்.

திரும்பிப் போகலாம். போனால் இவன் இல்லை. உள்ளே மூன்று பேர் வயிற்றில் அடிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய நாற்பது நாளையும் எடைபோட்டுத்தான் பார்த்தாள். ஆனால் நிற்கிற மனிதனை இல்லையென்று சொல்லி வாங்கும் சரக்கு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

பூட்டைத் திருப்பினாள். கவசத்தைக் கழற்றினாள். குளிர் பல்லில் இறங்கியது.

"நான் உன்னப் பாக்கறேன்," என்றாள். "பேரச் சொல்லு. உள்ள கூட்டிட்டுப் போறேன்."

அவன் குனிந்து பார்த்தான். வாய் அசைந்தது.

ஆவி வந்தது. வெள்ளையாக. அடர்த்தியாக.

அவள் மூச்சை விட்டாள். மறுபடி விட்டாள்.

எதுவும் வரவில்லை.

பிறகு குளிர் கைகளில். தோளில். அவன் போட்டிருந்த மெல்லிய சட்டை இப்போது அவள்மேல். பாதத்தடியில் பனி. அவளுடைய உடுப்பு, கவசத்தை மறுபடி பூட்டிக்கொண்டு, அவளுடைய பையோடு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அவளுடைய நடை. வலது தோள் சற்றுத் தாழ்ந்து.

ஓடினாள். காற்றறை மூடிக்கொண்டது. ஜன்னலை இரு கையாலும் அறைந்தாள்.

"இட்சியார். நான்தான். வெளையாட்டு முடிஞ்சுது, கதவத் தெற."

இட்சியாரின் பார்வை அவள் முகத்தின் வழியாகப் போய், அவளுக்குப் பின்னால் இருந்த பாறையில் நின்றது. நெற்றி சுருங்கவில்லை. இமை மட்டும் ஒருமுறை கூடுதலாக அடித்தது. அது சட்டமா, வேறு ஏதாவதா. எலாலியாவுக்குத் தெரியவில்லை.

உட்கதவு திறந்தது. கவசம் கழன்றது. கறுத்த பின்னல் முதுகில் விழுந்தது.

"வா லாலி, சாப்பாடு ஆறுது," என்றான் செமா.

அது சிரித்தது. அவளுடைய சிரிப்பு.

எலாலியா கெஞ்சவில்லை. கீழே தடவி ஒரு துருக்கல்லை எடுத்தாள். அடித்தாள். தடித்த கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். கை வலிக்கவில்லை. அது நல்லதற்கல்ல என்று தெரிந்தும் அடித்தாள். விடியும்வரை அடிப்பாள். அடுத்த குழு வரும்வரையும் அடிப்பாள்.

உள்ளே ஃபெர்மின், சத்தம் வந்த பக்கம் திரும்பாமலே, பலகையில் எழுதினார்: வெளியே போனவர் ஒருவர். திரும்பியவர் ஒருவர். நிலுவை இல்லை.