வரப்புக்கு மூன்று முழம்

மதிவதனி அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின மத்தியானம் அவள் வீட்டில் போய் இறங்கினேன். எப்போதும் பையைப் பிடுங்க ஓடி வரும் அக்கா மகள் சுடர்விழி வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, கொல்லைக்குப் பின்னால் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னேலேர்ந்து இப்படித்தான், செம்மொழி. சோத்தக்கூட வரப்புல வச்சுத்தான் ஊட்டணும்," என்றார் அக்கா வீட்டுக்காரர் நெடுமாறன் மாமா. "அம்மா நடவு முடிச்சிட்டு வரும்னு நீதான் சொன்னியாமே?"

நான்தான் சொன்னேன்.

அக்கா அந்த வயலில் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. முகம் கருகிவிட்டது என்றார்கள். பிள்ளை பார்க்கக் கூடாது என்று சொல்லி, அவளைக் குடவாசலுக்குக் கூட்டிப்போய் பேக்கரியில் உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகே திரும்பினோம். "அம்மா எங்க?" என்றவளிடம், "நடவுக்குப் போயிருக்கு, நட்டு முடிச்சதும் வந்துடும்" என்றேன். மறுநாளே பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். என் பொய்யை ஊரே சேர்ந்து காப்பாற்றியது.

அக்கா செத்தபோது வயலில் பாதிதான் நட்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதில் கால் வைக்கவில்லை. கட்டி வைத்த மிச்ச நாற்று முடிகள் வரப்போரம் அழுகி நாறின.

இப்போது வரப்புக்கு மூன்று முழம்தான் மிச்சம். மற்றதெல்லாம் பச்சை.

"ஆள் விட்டீங்களா மாமா?"

"விடல." குரலைத் தாழ்த்தினார். "தெனம் நாலஞ்சு வரிசை கூடுது. யார்ட்டயும் சொல்லாத."

நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாகத்தான் நகர்வார்கள். குனிந்து, நட்டுக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வருவார்கள். அக்கா தொடங்கியது எதிர்க்கோடியில். முடிய வேண்டியது சுடர்விழி உட்கார்ந்திருந்த வரப்பில்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்றே இல்லை. சேற்று வாடையோடு ஏதோ தீய்ந்த வாடையும் வந்தது.

"முதுகுதான் தெரியுது சித்தி," என்று கிசுகிசுத்தாள். "அப்பாவோட நீலச் சட்டை போட்டிருக்கு. வரப்புக்கு வந்ததும் நிமிந்து திரும்பும்."

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆனால் கேட்டது.

சளக். சளக்.

சேற்றில் விரல் இறங்கும் சத்தம். எங்களுக்கு முன்னால் தண்ணீர் கலங்கியது. ஒரு நாற்று நின்றது. பக்கத்தில் இன்னொன்று.

அக்கா திரும்பினால், பிள்ளை எந்த முகத்தைப் பார்க்கும்?

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். "சித்தி பொய் சொன்னேன்டி. அம்மா நடவுக்குப் போகல. இடி விழுந்து செத்துப் போச்சு. இனிமே வராது. ஒன்ன கடைசியா பாக்க விடாம நான்தான் கூட்டிட்டுப் போயிட்டேன்."

இரண்டு கையாலும் என்னை அடித்தாள். பிறகு அழுதாள். பதினைந்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். எப்போது அந்தச் சத்தம் நின்றது என்று தெரியாது.

மறுநாள் காரியத்தில் அவளே படத்துக்குப் பூப் போட்டாள். "அம்மாவுக்கு வலிச்சிச்சாப்பா?" என்று கேட்டாள். மாமா அவளைக் கட்டிக்கொண்டு, தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். வயலில் கடைசி இரண்டு வரிசை நடாமலே நின்றது.

சுடர்விழி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாகத் தூங்குகிறாளாம். நீலச் சட்டை போட்ட அம்மாவை வரைந்து மாமாவின் போனில் எனக்கு அனுப்புகிறாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று குடவாசலுக்குப் போனது பிள்ளைக்காக மட்டுமல்ல. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். பிள்ளையைச் சாக்கு வைத்து ஓடிவிட்டேன். கூடப்பிறந்தவளுக்குக் கடைசியாக ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை.

பட்டுக்கோட்டையில் என் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்புதான், வயல் கிடையாது. நேற்று மத்தியானம் கட்டிலில் படுத்து எழுந்தபோது, துடைத்த தரையில் ஈரச் சேற்றுக் காலடிகள் கிடந்தன. வாசலிலிருந்து என் கட்டிலை நோக்கி. ஒவ்வொன்றிலும் குதிகால்தான் என் பக்கம் இருந்தது. பின்பக்கமாக நடந்து வந்த கால்கள்.

துடைத்துவிட்டேன்.

இன்றும் வந்திருக்கின்றன. கட்டிலை ஒட்டிய கடைசி இரண்டு தடங்களில் மட்டும், விரல்கள் என் பக்கம் இருக்கின்றன.