டீ நேரத்தில் ஒரு சோதனை

மின்விசிறி மெதுவாக மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றது.

நித்யஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். மேசை முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் நிமிர்ந்தார். இருவரும் ஒன்றாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்தே முக்கால்.

“கரண்ட் இன்னிக்குப் பார்த்தா போகோணும்?” என்றார் அம்மா.

அம்மாவின் பெயர் அன்புசெல்வி. வேலம்பாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மே மாதம் பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை, அம்மாவுக்கு இல்லை. அறிவியல் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் ஆன்லைன் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் கேட்டுக்கொண்டால் போதும். ஐந்தாம் நாள் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் பயிற்சி முடிந்ததாகச் சான்றிதழ் கிடைக்கும்.

போன கோடையில் அம்மாவால் காட்ட முடியவில்லை. திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. கேமராவை அணைத்துவிட்டு அழுதார். இந்த வருடமும் முடிக்காவிட்டால், அறிவியல் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

இன்று பதினொன்றரைக்கு அம்மாவின் முறை.

“போனுல சார்ஜ் எவ்வளவு இருக்குங்கம்மா?”

“எட்டு. ஊட்டு நெட்டும் போச்சு. போன் நெட்டுல படம் அப்படியே நின்னு நின்னு வருது.”

நித்யஸ்ரீ பால்கனிக்கு ஓடினாள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் மூன்று பேர் ஏணியோடு நின்றிருந்தார்கள்.

“ஏனுங்ண்ணா, எப்ப கரண்ட் வருமுங்க?”

“ரெண்டு மணி ஆகும் பாப்பா!”

அப்பா சோமனூரில் வேலையில் இருந்தார். அவர் வண்டியில் வந்து அழைத்துப் போகவும் நேரமில்லை.

அப்போது கீழே ‘டபடப’வென்று ஒரு சத்தம். தரைத்தளத்தில் இருந்த பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு தையல் மெஷின்களும் மறுபடி ஓட ஆரம்பித்தன.

“அம்மா, கீழ கரண்ட் இருக்குங்க. ஆபீஸ் ரூம்ல நெட்டும் இருக்கும்.”

“அங்கயா? நான் போக மாட்டேன் கண்ணு.”

காரணம் நித்யஸ்ரீக்குத் தெரியும். முந்தாநாள் மெஷின் சத்தத்தில் பயிற்சியில் பேசுவது காதில் விழவில்லை என்று அம்மா கீழே போய்ச் சண்டை போட்டிருந்தார். கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் கருத்தம்மா, “மெஷின்னா சத்தம் போடத்தான் செய்யும் டீச்சர், பாட்டா பாடும்?” என்று திருப்பிக் கேட்டிருந்தார்.

“நான் போய்க் கேட்கட்டுங்களா?”

அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சார்ஜரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நித்யஸ்ரீ இரண்டு இரண்டு படியாக இறங்கினாள்.

கம்பெனிக்குள் காது அடைத்தது. மெஷின்களுக்கு நடுவே குழந்தைகள் போடும் மஞ்சள் பனியன்கள் மலை மலையாகக் கிடந்தன. கருத்தம்மா ஒரு பனியனை விரித்துப் பார்த்தபடி நின்றிருந்தார். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகியிருந்தார்.

“என்ன புள்ள? இன்னைக்கும் சத்தம் கூடிப் போச்சோ?”

“இல்லீங்க அத்தை.” நித்யஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் போனது, போன வருடம் நடந்தது, இன்று விட்டால் அம்மாவுக்கு அறிவியல் வகுப்பு கிடையாது என்பது, எல்லாம்.

கருத்தம்மா முகம் மாறவில்லை. “ஒரு மணிக்கு வேன் வந்துரும். அறுநூறு பீஸ் போகணும். ஆபீஸ்ல உக்காரச் சொல்லு, நான் வேண்டாங்கல. ஆனா மெஷின நிப்பாட்ட மாட்டேன்.”

ஆபீஸ் அறைக்குக் கதவுகூட இல்லை. இந்தச் சத்தத்தில் அம்மா கத்தினாலும் கேட்காது. நித்யஸ்ரீ நகத்தைக் கடித்தபடி சுற்றிப் பார்த்தாள். மூலையில் டீ கேனும் தம்ளர்களும் தயாராக இருந்தன.

“அத்தை, டீ எப்பங்க?”

“பதினோரு மணிக்கு. பதினஞ்சு நிமிஷம். ஏன்?”

“அதைப் பதினொன்னரைக்குக் குடிச்சீங்கன்னா? அப்ப எப்படியும் மெஷினெல்லாம் நிக்கும். உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட வீணாகாதுங்க.”

கருத்தம்மா பனியனைக் கீழே வைத்தார். “காலையில எட்டு மணிக்கு உக்காந்தவங்க அவங்க. டீ அவங்களது. என்கிட்ட என்ன கேக்க? அவங்ககிட்ட கேளு.”

நித்யஸ்ரீ ஒவ்வொரு மெஷினாகப் போனாள். சிலர் உடனே தலையாட்டினார்கள். “டீ ஆறிப் போனா நீதான் சுட வைக்கோணும்” என்றார் கன்னையன் என்ற டெய்லர். கடைசி மெஷினில் இருந்த ஆஷா ஒடிசாவில் இருந்து வந்தவள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். நித்யஸ்ரீ கடிகாரத்தைக் காட்டினாள், டீ கேனைக் காட்டினாள், மாடியைக் காட்டினாள், பிறகு தன் தாயைப்போல மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பாடம் நடத்திக் காட்டினாள்.

“அச்சா! டீச்சர்!” ஆஷா சிரித்துவிட்டாள். “டீ லேட். ஓகே!”

பதினொன்று இருபதுக்கு அம்மா கீழே வந்தார். கையில் இரண்டு கண்ணாடித் தம்ளர், மை கலந்த நீலத் தண்ணீர், இரண்டு துண்டுத் துணி. கருத்தம்மா முன் வந்ததும் நின்றார்.

“முந்தாநாள் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க.”

“அது கெடக்கட்டும் டீச்சர். முதல்ல போனச் சார்ஜ்ல போடுங்க.”

பதினொன்றரை. கருத்தம்மா கையை உயர்த்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வெளியே ஜெனரேட்டரின் முனகல் மட்டும் மிச்சம்.

ஆனால் திரையில் வேறு ஓர் ஆசிரியை இன்னும் எரிமலை செய்து காட்டிக்கொண்டிருந்தார். சோடா மாவும் வினிகரும் பொங்கி மேசையெல்லாம் வழிந்து, அவர் துணியைத் தேடி ஓடினார். அவர் திரும்பி வந்தபோது பதினொன்று முப்பத்தைந்து.

“அடுத்து கதிர்வேல் சார். அதற்கடுத்து அன்புசெல்வி டீச்சர்” என்றார் பயிற்சி நடத்தும் சரவணக்குமார் சார்.

ஆளுக்குப் பத்து நிமிடம். அம்மாவின் முறை வரும்போது மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும்.

“அம்மா, சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது? எல்லாரும் காத்திருக்காங்க கண்ணு.”

கேமரா முன்னால் வரக் கூடாது என்று அம்மா ஐந்து நாளாகச் சொல்லிவந்தார். நித்யஸ்ரீ ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கையை நீட்டி மைக்கை அழுத்தினாள்.

“சார், வணக்கமுங்க.”

திரையில் பதினைந்து முகங்கள் திரும்பின.

“யாரும்மா நீ?” என்றார் சரவணக்குமார் சார். குரலில் கண்டிப்பு இருந்தது.

“அன்புசெல்வி டீச்சரோட பொண்ணுங்க சார். எங்க தெருவுல கரண்ட் இல்லீங்க. பனியன் கம்பெனியில உக்காந்திருக்கோம். எங்களுக்காக இவங்க டீ நேரத்தை மாத்தி மெஷின நிறுத்தியிருக்காங்க. பதினொன்னே முக்கால் வரைக்கும்தானுங்க. அதுக்குள்ள எங்கம்மா பண்ணலாங்களா?”

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

“சார்,” என்றது இன்னொரு குரல். ஊத்துக்குளியில் இருந்து கதிர்வேல் சார். வெப்பம் உலோகத்தில் பரவுவதைக் காட்ட, அவர் முன்னால் ஒரு கரண்டியின் காம்பில் வெண்ணெய் உருண்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. “அவங்க முதல்ல பண்ணட்டுங்க. என் வெண்ணெய் இந்த வெயில்ல இப்பவே பாதி உருகிப் போச்சு. நான் மறுபடி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு வந்தர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். “சரி டீச்சர், ஆரம்பியுங்கள்” என்றார் சரவணக்குமார் சார்.

அம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மீண்டும் முயன்றார். “வண… வணக்கம்…” திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் இப்படித்தான் தொடங்கியது.

நித்யஸ்ரீ சட்டென்று திரும்பினாள். டீத் தம்ளர்களோடு நின்றிருந்தவர்களைக் கைகாட்டி அழைத்தாள். கன்னையன், ஆஷா, மற்றவர்கள் எல்லோரும் போனுக்குப் பின்னால் வந்து அரைவட்டமாக நின்றார்கள்.

“அம்மா, போனைப் பார்க்காதீங்க. இவங்களுக்குச் சொல்லுங்க.”

அம்மா நிமிர்ந்தார். எதிரே பன்னிரண்டு முகங்கள். ஆஷா எட்டி எட்டிப் பார்த்தாள். அம்மாவின் தோள்கள் தளர்ந்தன.

“ரெண்டும் ஒரே நூல்ல பின்னின துணிங்க,” என்றார். “ஒண்ணு பிளீச்சிங் பண்ணது. இன்னொண்ணு பண்ணாதது. ரெண்டோட முனையையும் தண்ணியில விடப் போறேன். எதுல தண்ணி மேல ஏறும்?”

“ரெண்டுலயும்தான் ஏறும்” என்றார் கன்னையன். “பருத்திதானே?”

அம்மா துணிகளைத் தொங்கவிட்டார். எல்லோரும் டீயை மறந்து பார்த்தார்கள். வெளுத்த துணியில் நீலம் விறுவிறுவென்று ஏறியது. ஒரு விரல் உயரம், இரண்டு விரல் உயரம். மற்ற துணியில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

“அடேங்கப்பா!” என்றார் கன்னையன்.

“ஏன் ஏறவில்லை?” என்று திரையில் இருந்து சரவணக்குமார் சார் கேட்டார்.

நித்யஸ்ரீ கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால். அவள் கருத்தம்மாவிடம் போய் மெல்லச் சொன்னாள்: “நேரமாச்சுங்க அத்தை. மெஷின் போட்டுக்கோங்க.”

அம்மாவின் பதில் பாதியில் இருந்தது. கருத்தம்மா நித்யஸ்ரீயை ஒரு பார்வை பார்த்தார்.

“பேசாம இரு புள்ள. ஏன் ஏறலன்னு எனக்கும் தெரியணும்லா?”

அம்மா சொல்லி முடித்தார். பஞ்சின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு இருக்கிறது, அது தண்ணீரை ஒட்டவிடாது. பிளீச்சிங் பண்ணும்போது மெழுகு போய்விடும், பிறகு நூல் இடுக்குகள் வழியே தண்ணீர் தானாக மேலே ஏறும். அம்மாவின் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. திரையில் கைதட்டினார்கள். கம்பெனியிலும் கைதட்டினார்கள்.

“நன்றாகச் செய்தீர்கள் டீச்சர். பயிற்சியை முடித்துவிட்டீர்கள்” என்றார் சரவணக்குமார் சார்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. நான்கு நிமிடம் தாமதம். நித்யஸ்ரீக்கு வேன் ஞாபகம் வந்து பயம் பிடித்தது. அம்மாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் முறை முடிந்து போனை வைத்ததும், தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்து, தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தார்.

கருத்தம்மா ஒரு பனியனைத் திருப்பிப் பார்த்தார். “டீச்சர், இங்க ரெண்டு பிசிறு விட்டுட்டீங்க. மறுபடி பாருங்க.”

“சரிங்க” என்று அம்மா பணிவாக வாங்கிக்கொண்டார். நித்யஸ்ரீ சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்று ஐந்துக்கு வேன் அறுநூறு பீஸோடு கிளம்பியது. கருத்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

“டீச்சர், நாளைக்கு கிளாஸ் எத்தனை மணிக்கு?”

“பயிற்சி இன்னிக்கோட முடிஞ்சுதுங்களே.”

“அது உங்களுக்கு,” என்றார் கருத்தம்மா. “நான் எங்களுக்குக் கேட்டேன்.”