ஏறக்கூடாத கோடு

எதுவுமே இல்லாத டியூப்பின் கோடு மறுபடியும் ஏறியது.

கொரோனா சமயத்தில் ஊரார் மூக்கையெல்லாம் சோதித்த பிசிஆர் மெஷின்தான். இப்போது சூரமங்கலத்து ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, கிணற்றில் கலந்த கழிவு யாருடையது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவின் மரபணு கிடைத்தால் ஒரு கோடு ஏறும். மாட்டுக்கு வேறு, கோழிக்கு வேறு. சுத்தமான தண்ணீர் மட்டும் விட்ட டியூப் பிணமாகக் கிடக்க வேண்டும். அது எழுந்தால் மொத்தச் சோதனையும் குப்பை. நேற்று எழுந்ததால்தான் மெஹ்ரீன் தன் கணவன் நயீமைப் புது மாதிரி எடுக்கச் சொல்லி, ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக் கிணற்றுக்குத் திரும்ப அனுப்பியிருந்தாள்.

இன்று அந்த டியூப்புக்குப் புதுச் சுத்தத் தண்ணீர், கைக்குப் புதுக் கையுறை. ஆனாலும் ஏழு ஊர்ச் சாக்கடையை ஒரே மூச்சில் குடித்தது போல, மனிதக் கோடு மட்டும் செங்குத்தாக நின்றது. முதுகுக்குப் பின்னால் சிங்க் நீளமாக ஏப்பம் விட, புளித்த மரவள்ளிக் கிழங்குப் பாலும் ரத்தமும் கலந்த வாடை அறையெங்கும் பரவியது. நேற்று மிஞ்சிய கிணற்றுத் தண்ணீரை, பிளீச்சிங் பவுடர் கலக்காமல், அதில்தான் கொட்டியிருந்தாள்.

போன் அடித்தது. நயீம்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாட்டுச் சாணிதான்னு ஆலைக்காரர் செல்லமுத்து சத்தியம் பண்றாரும்மா. இவர் மாடு வேட்டி கட்டிட்டுத் திரியுதுபோல."

"மனுஷன்தாங்க. கிளம்பி வந்துருங்க."

"பாட்டிலை இறக்கிட்டேனே." நயீமின் சிரிப்பு நின்றது. "கயிறு கனக்குது."

"விட்டுருங்க."

"கையில சுத்தியிருக்கேன்."

பக்கத்திலிருந்து செல்லமுத்துவின் குரல், தணிந்து: "இழுக்காதீங்க தம்பி. போன மாசம் கழிவு கொட்ட வந்த லாரிக்காரனை அடிச்சு உள்ள தள்ளிட்டோமுங்க. அன்னையிலிருந்து எதைப் போட்டாலும் புடிச்சு இழுக்கறான்."

பச்சைக் கரும்பு முறியும் சத்தம். மணிக்கட்டு. அடுத்து தோள். நயீமின் அலறல் கிணற்றுச் சுவரில் மோதி மோதிக் கீழே போனது.

தண்ணீர் மூடியது.

போனில் குமிழிகள். சிங்க்கிலும்.

ஒரே தாளத்தில்.

மெஹ்ரீன் திரும்பினாள்.

சிங்க்கின் சல்லடை மூடி தெறித்துக் கூரையில் குத்தி நின்றது. இரண்டு விரல் அகல ஓட்டை. அதன் வழியே, எலும்பு ஒவ்வொன்றாக நொறுங்க, நயீமின் முகம் பிதுங்கி மேலே வந்துகொண்டிருந்தது. கண்கள் அவளைத் தேடின. அவன் தாடையைக் கீழிருந்து பற்றித் தள்ளிக்கொண்டிருந்தது, ஊறி வெளுத்த இன்னொரு கை.