பச்சை விளக்கின் முறை

பச்சை விளக்கு எரியவே இல்லை. சிவப்பு எரிந்தது, அணைந்தது, மறுபடி சிவப்பே எரிந்தது.

டென்னிஸ் இரண்டு தரம் பச்சையைக் கழற்றி வேறு மாட்டிப் பார்த்துவிட்டான். மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் வருகிறது என்றுதான் காட்டியது. மேசைமேல் கிடந்த சின்னப் பலகையில் ஒரு டைமர் ஐசி, இரண்டு ரிலே, கடுகு அளவில் இரண்டு விளக்கு. நாலு வினாடி சிவப்பு, நாலு வினாடி பச்சை. ஒன்று அணைந்தால்தான் மற்றது எரியவேண்டும். கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே இரண்டு நட்சத்திரங்களை மாற்றி மாற்றி எரியவிட இந்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறவனுக்கு இதெல்லாம் இடது கை வேலை.

"கிரேஸ், இங்க வா. இந்தப் பச்சை எரியுதா பாரு."

அவன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். "எரியுதே. நல்லாத்தான் எரியுது. கண்ணாடி மாத்தணும் உங்களுக்கு."

அவள் போய்விட்டாள். டென்னிஸ் சிரித்துக்கொண்டான். டிசம்பர் மாதத்து ஆறரை மணிக்கே வெளியே கும்மிருட்டு. கல்வராயன் மலையில் கட்டிய மேகம் மத்தியானத்திலிருந்து கள்ளக்குறிச்சிமேல் பொசபொசவென்று தூறிக்கொண்டிருந்தது. சால்டர் புகையும் சுவர் ஈரமும் கலந்த நெடி அறை முழுக்க நின்றது. சூடு ஆறட்டும் என்று தள்ளி வைத்த டீயை எடுத்தான். டம்ளர் பாதிதான் இருந்தது. ஒரு வாய்கூடக் குடித்த ஞாபகம் இல்லை அவனுக்கு, ஆனால் நாக்கில் இனிப்பு இருந்தது.

இன்றைக்கு மனசு சரியில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். சரியில்லாமல் போனதற்குக் காரணமும் அவனுக்குத் தெரியும். நாலு மணிக்கு சாலம்மாள் வந்துவிட்டுப் போயிருந்தாள்.

கேட்டுக்கு வெளியிலேயே நனைந்துகொண்டு நின்றாள் அந்தப் பொம்பளை. கிரேஸ் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கருணாபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"சார், என் பொண்ணு இசைவாணிக்கு திருக்கோவிலூர்ல ஒரு எடம் வந்துகீது சார். நல்ல எடம். மாப்ள வூட்ல, சாராயம் குடிச்சி செத்தவன் பொண்ணு வேணாம்னு பெரியவங்க சொல்றாங்களாம். வூட்டுக்காரரு குடிக்கலன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க? அன்னிக்கு கூட இருந்தவரு நீங்க. நாளிக்கு காலைல அவங்கள இட்டாரேன். குடிக்கலன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார், போதும்."

"பாக்கலாம்மா," என்றான் டென்னிஸ்.

பாக்கலாமாம். இவன் பார்க்காததா!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லை. ஒரே கிணறு, அதற்கு இரண்டு மோட்டார். மேலே கொட்டகையில் ஒன்று, கிணற்றுக்குள் பாதியில் கட்டிய மேடையில் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஓடினால் லைன் தாங்காது. மாற்றி மாற்றி ஓட டைமர் செய்து தருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு போனவன் டென்னிஸ். வீட்டில் சோதித்தபோது, மாறுகிற நேரத்தில் கண் இமைக்கிற அளவுக்கு இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்ததை அவன் பார்த்திருந்தான். பார்த்தும், இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டான்.

கீழ் மோட்டாரில் ஒயர் கழன்றிருந்தது. அதை மாட்டக் கிணற்றுக்குள் இறங்கியவர் கூலிக்கு வந்த வேடியப்பன், சாலம்மாளின் புருஷன். கீழே இறங்கி நின்றுகொண்டு குரல் கொடுத்தார். "சார், மெயினை அணைச்சிடலாமா சார்?"

அணைத்தால் டைமர் முதலிலிருந்து ஓடும். கொல்லைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தன் டைமரை நிறுத்த டென்னிஸுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "மேல் மோட்டார் ஓடிக்கினு இருக்கிற வரைக்கும் கீழ கரண்ட் வராது. தைரியமா கை வைங்க," என்றான்.

மேல் மோட்டார் நிற்கிற அந்த நொடியில், அது முழுசாக நிற்பதற்குள்ளேயே கீழே கரண்ட் வந்தது. வேடியப்பன் கை ஒயரில் இருந்தது.

கூட்டம் கூடுவதற்குள் டைமர் டென்னிஸின் பைக்குள் போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம், குடித்திருந்தான், வேண்டாமென்றேன், கேட்காமல் இறங்கினான் என்றான். கருணாபுரத்து ஆள் என்றதும் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. கள்ளச்சாராயம் குடித்துக் கருணாபுரத்தில் கொத்துக்கொத்தாகச் செத்த வருஷம் அது; அந்தத் தெருக்காரனைப்பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பியது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் படிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதன்பிறகு மூன்று தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்தி வந்தது என்று சில்லறைப் பாவமாகப் பொறுக்கிச் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். சீ, என்ன மனுஷன்!

டக். சிவப்பு அணைந்தது.

டக். சிவப்பு எரிந்தது.

நடுவில் பச்சை எங்கே? செல்போனை மீட்டர்மேல் சாய்த்து வைத்துப் படம் பிடித்தான். ஒரு நிமிஷம் கழித்து எடுத்து ஓட்டிப் பார்த்தான்.

சிவப்பு. பச்சை. சிவப்பு. பச்சை. ஒழுங்காக, ஒரு குறையில்லாமல் இரண்டும் மாறி மாறி எரிந்தன. படத்தில் அவனும் இருந்தான். சிவப்பில் குனிந்து பலகையைப் பார்த்தான். பச்சையில் நிமிர்ந்தான். நிமிர்ந்து, இருட்டில் சுவரைத் தேடுகிறவன் மாதிரி இரண்டு கையாலும் காற்றைத் தடவினான். கண் திறந்துதான் இருந்தது. மூன்றாவது பச்சையில் டம்ளர் பக்கம் குனிந்து, தாகம் எடுத்தவனாக மடக் மடக்கென்று குடித்தான். நாலாவது பச்சையில் வாய் திறந்தது. டென்னிஸின் குரல்தான். பேச்சு அவனுடையது இல்லை.

"சார், மெயினை அணைச்சிடலாமா சார்?"

போன் கையிலிருந்து நழுவியது.

பிளக்கைப் பிடுங்கவேண்டும். பிளக் எதிர்ச் சுவரில் இருந்தது, ஆறேழு எட்டு தூரம். எழுந்து நாலு எட்டு வைத்தான். டக். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை லுங்கி நனைந்து சில்லென்று இருந்தது. மறுபடி எழுந்து ஓடினான். கை நீட்டினான். டக். நாற்காலி. இப்போது மூக்கில் பாசி நெடி, விரல் நகத்துக்குள் களிமண். காதுக்குள் எங்கோ உயரத்தில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம், மெல்ல, விடாமல்.

மூன்றாம் தரம் அவனுக்கு அந்த இடம் கொஞ்சம் ஞாபகம் நின்றது. குளிர். வட்டமான கல் சுவர். காலுக்குக் கீழே வழுக்கும் மேடை. கையில் ஏதோ ஒயர். அங்கே நாலு வினாடி இல்லை, நாற்பது வினாடியாவது இருக்கும்.

"இன்னாங்க இது?"

கிரேஸ் கதவருகில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "இப்ப இன்னா சொன்னீங்க நீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலயே."

"இந்தக் கதவாண்ட வந்து நின்னீங்க. 'நான் குடிக்கலம்மா, சாலம்மாகிட்ட சொல்லுங்கம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டீங்க. என்னைய நீங்க எப்பங்க அம்மான்னு கூப்ட்டீங்க?" அவள் பார்வை பலகைக்குப் போனது, அவனுக்கு வந்தது, மறுபடி பலகைக்குப் போனது. கெட்டிக்காரி அவள். "பச்ச எரியறப்ப வேற மாதிரி ஆவுறீங்க. செவப்பு வந்தா நீங்களா ஆயிடுறீங்க. கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. அந்த மனுஷன் அன்னிக்கு குடிச்சிருந்தாரா, இல்லயா?"

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அது அவனுடைய முறை. நாலு வினாடி முழுதாக இருந்தது. குடிக்கவில்லை என்கிற ஒரு வார்த்தைக்கு ஒரு வினாடிகூட வேண்டாம். வார்த்தை தொண்டைவரை வந்ததும் கோயில் கமிட்டி கண்ணில் வந்தது. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் வந்தது. நாளைக்குத் தெருவில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கிற முகங்கள் வந்தன.

"குடிச்சிருந்தான்," என்றான்.

டக்.

குளிர். இருட்டு. முட்டிவரை தண்ணீர். கை ஒயரைப் பிடித்திருந்தது, விட முடியவில்லை. விரல்களுக்கு அவன் சொன்னது எட்டவில்லை. மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறவரைக்கும் பயமில்லை. அதுதான் அவனுக்குத் தெரியுமே.

எண்ண ஆரம்பித்தான். நாலு. நாற்பது. நானூறு. அவன் முறை வரவில்லை.

தலையைத் தூக்கினான். வானம் இருக்கவேண்டிய வட்டத்தில் அவன் வீட்டு அறையின் கூரை தெரிந்தது. ஃபேன் தெரிந்தது. எல்லாம் பச்சையாக இருந்தது. முதல்முறையாகப் பச்சை விளக்கு எரிவதை அவன் பார்த்தான்.

எத்தனை மணி நேரம் போனதென்று தெரியவில்லை. கூரை வெளுத்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புகளைக் கழற்றுகிற சத்தம். அப்புறம் அவனுடைய குரல், அவனில்லாமல், கூடத்தில் பேசியது.

"குடிக்கலங்க. ஒரு சொட்டு கூட இல்ல. மெயினை அணைக்கலாமான்னு கேட்டதுக்கு வேணாம்னது நான்தாங்க. நான் செஞ்ச டைமர்ல கோளாறுங்க. பொய் சொன்னது நான்தாங்க."

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "இத்தினி நாளு இதை மூடி வச்சிக்கினு இருந்தியாய்யா?" அப்புறம் சாலம்மாள் அழுதாள். ஒப்பாரி இல்லை அது. தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்ததும் வருகிற அழுகை.

டென்னிஸ் கிணற்றுக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தான் சொல்லவேண்டிய ஒரே வார்த்தையைக்கூடச் செத்தவனே வந்து சொல்லவேண்டியிருந்தது.

வந்தவர்கள் போனார்கள். வட்டத்தில் கிரேஸின் முகம் எட்டிப் பார்த்தது. பலகைமேல் குனிந்திருக்கிறாள் போல.

"கிரேஸ்!" என்று கத்தினான். "பிளக்க புடுங்கு! கிரேஸ்!"

அவளுக்குக் கேட்டது. முகம் அசைந்ததில் தெரிந்தது. கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே அவனுடைய தொண்டைதான், வேற்று வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி தயங்கித் தயங்கிச் செருமியது. பிறகு இன்னும் கிட்டே குனிந்து, அடிக்குரலில் கேட்டாள்.

"அவரு அங்க சொன்னதெல்லாம் நெஜமா? மெயினை அணைக்காம அவர எறக்கினது நீங்கதானா?"

ஆமாம். அது போதும். பாதி மூச்சுகூட வேண்டாம்.

"அது... கொல்லைக்காரர் பக்கத்துல நின்னாரு கிரேஸ்... அந்த ஆளுக்கும் கொஞ்சம் புத்தி..."

அவள் நிமிர்ந்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ராத்திரியெல்லாம் ஒண்ணும் சாப்புடலயே நீங்க. கை கழுவிட்டு வாங்கண்ணே, இட்லி வைக்கிறேன்."

நாற்காலி நகர்ந்தது. காலடிகள் சாப்பாட்டு மேசைக்கு நடந்தன.

கிரேஸ் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். நாலாக மடித்தாள். பலகைமேல் மெதுவாகப் போட்டு மூடினாள்.

வட்டம் இருண்டது. கை ஒயரில் இருந்தது.

மேலே மோட்டார் நின்றது.