ஒன்றும் ஊற்றாத தடம்

டாக்டர் நாகநாதன் காரிலிருந்து இறங்குவதே ஒரு வைபவம். முதலில் தொப்பை வரும், பிறகு தோரணை, கடைசியில்தான் ஆள்.

திருவையாறு சாலையில் மூடிக்கிடந்த அரவை மில்லை வாங்கி, 'புற்றுநோய் ஆராய்ச்சி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார். மழை ஈரத்தில் சுவர்கள் இன்னமும் புழுங்கல் நெல் நாற்றமடித்தன. வராந்தாவில் அவருடைய கஷாயத்துக்காகப் பாட்டிலும் கையுமாக ஆட்கள் காத்திருந்தார்கள்.

அதைக் குடித்தால் கட்டியிலிருக்கும் 'வளர்ச்சிக் காரணி ஏற்பி' என்ற புரதம் மாயமாகிவிடும் என்பது அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு. அந்த ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆன்டிபாடி உண்டு. கட்டிச் சாற்றை ஆளுக்கொரு கோடாக ஏற்றிய சவ்வுத்தாளில், அது ஒட்டினால் அந்த நோயாளியின் கோடு, அதாவது தடம், ஒளிரும், இல்லையென்றால் இருட்டு. ஆறு பேரின் தடங்கள் இருட்டாக இருந்தன. அந்த ஆறு பேருக்கும் ஏற்பி ஆரம்பத்திலேயே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஏழாவது, தாராசுரத்து ராமாயி. ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு இவரை நம்பிக் குடித்தவள். அவள் தடம் பளீரென்று ஒளிர்ந்தது; அவள் செத்தும் போனாள். படத்தில் அந்த ஓரத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மேதை கட்டுரையை அனுப்பிவிட்டார்.

இப்போது ஆய்விதழ்க்காரர்கள் வெட்டாத முழுப் படம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் கட்டுரை அம்பேல், கஷாயமும்தான். ஆகவே அதுதான் முழுப் படம் என்று காட்டப் புதிதாக ஒரு சோதனை. பழைய ஆறு பேர், ஏழாவதில் வெறும் தண்ணீர்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷோபனா, டாக்டரும் உள்ளே வந்ததும் இருட்டறைக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள்.

இருட்டு பிசினாக அப்பிக்கொண்டது. மூக்கை அரிக்கும் ரசாயன நெடி. எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏழாவது தடம் மெல்ல நீலமாக ஒளிர்ந்தது.

“என்னத்தம்மா ஊத்தி வச்சீங்க?”

“தண்ணி சார். நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்தீங்களே.”

“அப்ப ஆன்டிபாடி கெட்டுப்போச்சு.”

“இன்னைக்குத்தான் சார் பிரிச்சேன். ஏற்பி இல்லாத எடத்துல அது எப்படி ஒட்டும்?”

“எனக்கே பாடமா? கத்தரிக்கோலைக் குடுங்க.”

வெட்டினார். துண்டு தரையில் விழுந்து அணைந்தது.

ஆறாவது தடம் ஒளிர்ந்தது.

அதையும் வெட்டினார்.

ஐந்தாவது.

வெட்டுவதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. கடைசித் துண்டும் விழுந்தபோது கையில் கத்தரிக்கோல் மட்டும் மிஞ்சியது.

குழாய்ச் சொட்டு நின்றுபோயிருந்தது.

காதோரம் ஒரு மூச்சு. அதில் கஷாய வாடை.

“ஐயா… ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமத்தாங்க குடிச்சேன்.”

கதவை இடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். பின்னாலேயே ஓடிவந்த ஷோபனா கதவை இழுத்துப் பூட்டினாள்.

“சார்… அந்தக் குரலு…”

“பிரமை. வெட்டின பழைய படத்தையே அனுப்பிடுங்க, அதான் முழுசுன்னு சொல்லிக்கலாம்.”

எழுந்து முகத்தைத் துடைத்தார். தோரணையை எடுத்து மாட்டிக்கொண்டார். பயம் பயமாக இருக்கட்டும், வியாபாரம் நிற்கலாமா? வராந்தாவைப் பார்த்துக் கணீரென்று கூப்பிட்டார்.

“கஷாயத்துக்கு அடுத்த ஆள் வரலாம்!”

முதலில் உட்கார்ந்திருந்தவர் பாட்டிலோடு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பூட்டிய இருட்டறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“இதோ வந்துட்டேங்க.”